குரங்கணி மலையில் நடக்கப் போறீங்களா? எந்தப் பாதைக்கு அனுமதி, எப்போது போகக்கூடாது? காட்டுத்தீயில் சிக்கினால் தப்பிப்பது எப்படி? முழு விவரம்

போடி:

லீவு விட்டால் போதும். தேனி மாவட்டம் போடியில் இருந்து குரங்கணிக்குப் போகும் ரோட்டில் கார், வேன், பைக் என்று வரிசை கட்டி நிற்கும். முதுகில் பை, கையில் குச்சி, கழுத்தில் கேமராவோடு சென்னை, மதுரை, திருப்பூர், பெங்களூர் என்று பல ஊர் வாலிபர்கள் வந்து இறங்குகிறார்கள். காலையில் பார்த்தால் மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கும். ஜிலுஜிலு காற்று. பக்கத்தில் கொட்டகுடி ஆற்றுத் தண்ணீர் சலசலவென்று ஓடும். பார்த்த உடனே கால் தானாக மலைப்பக்கம் போகும்.

ஆனால் இதே மலையில்தான் 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் செத்துப்போனார்கள். அத்தனை பேரும் மலையேற ஆசைப்பட்டு வந்தவர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று தனியாக விதிமுறையே வந்தது. அந்த விதி என்ன, எதற்காக, எப்படி டிக்கெட் வாங்குவது என்பது இன்னமும் நிறைய பேருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் "நமக்கு என்ன ஆகப்போகுது" என்று குறுக்குவழியில் ஏறிவிடுகிறார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தேயிலைப் பெட்டி இறங்கிய பாதை

குரங்கணி, போடியில் இருந்து சுமார் 15 கி.மீ. தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறினால் டாப் ஸ்டேஷன். கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம். அந்தப் பக்கம் போனால் கேரள மாநிலம் மூணாறு.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ டூரிஸ்ட் கம்பெனி வைத்த பெயர் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே நிஜமாகவே ஸ்டேஷன் இருந்தது. மூணாறில் விளைந்த தேயிலையை ரெயிலில் ஏற்றி அங்கே கொண்டுவந்தார்கள். அங்கிருந்து பெட்டி பெட்டியாக ரோப் கார் கம்பியில் தொங்கவிட்டு கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அப்புறம் வண்டி கட்டி போடிக்குப் போகும். மேலே இருந்தது டாப் ஸ்டேஷன், கீழே இருந்தது பாட்டம் ஸ்டேஷன். நடுவில் இருந்த இடத்துக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர். 1924-ம் ஆண்டு பெருவெள்ளத்தில் மூணாறு ரெயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ரெயில் போனாலும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆக, இன்றைக்கு "டிரெக்கிங் ரூட்" என்று இன்டர்நெட்டில் போட்டோ போடுகிறார்களே, அது எஸ்டேட் கூலியாட்களும், முதுவர் இன மக்களும் தலைச்சுமையோடு ஏறி இறங்கிய வழி. முட்டம், முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன் என்று மலையில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கை பார்க்கும் பாதை இல்லை. அரிசி வாங்கவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும் இதுதான் பாதை. குரங்கணியில் இருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோடு போட வேண்டும் என்று போடி பக்கத்து மக்கள் பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். இப்போது காரில் டாப் ஸ்டேஷன் போக வேண்டும் என்றால் போடிமெட்டு ஏறி, மூணாறு போய் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

2010-ம் ஆண்டு வந்த "மைனா" படத்தில் இந்த மலையைப் பார்த்த பிறகு வெளியூர் கூட்டம் அதிகமானது. இன்னொரு பக்கம் கொழுக்குமலை. அதுவும் தேனி மாவட்டத்துக்குள்தான் வருகிறது. 7 ஆயிரம் அடிக்கும் மேலே தேயிலைத் தோட்டம், பழைய காலத்து தேயிலை பேக்டரி, விடியற்காலையில் சூரிய உதயம். ஜீப்பில் போக வேண்டும் என்றால் கேரளாவின் சூரியநெல்லி வழியாகப் போக வேண்டும். நடந்து போக நினைப்பவர்கள் குரங்கணியில் இருந்து செங்குத்தாக ஏறுவார்கள். அந்த ஏற்றத்தில்தான் அந்தக் கொடுமை நடந்தது.

மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்கு இரண்டு குழுக்கள் மலையில் இருந்தன. ஒன்று சென்னையில் இருந்து வந்தது. அதில் பெரும்பாலானோர் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டி ஏற்பாடு செய்யப்பட்ட பயணம் அது. இன்னொன்று திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்து வந்த குழு. மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். சென்னைக் குழுவினர் முதல் நாள் கொழுக்குமலைக்கு ஏறி, இரவு அங்கேயே தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் புகை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நெருப்பு. காய்ந்து கிடந்த ஆள் உயரப் புல்லில் பிடித்த தீ காற்றோடு சேர்ந்து விரட்டியது. வழி தெரிந்தவர் ஒருவர் இரண்டு பேர்தான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். சிலர் மேலே ஏறி ஓடினார்கள். சிலர் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். புகையில் முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குத் தெரியவில்லை.

முதலில் மலைக்கு ஓடிப்போனது உள்ளூர் மக்கள்தான். மலைவாழ் மக்களும், எஸ்டேட் தொழிலாளர்களும் கம்பில் துணியைக் கட்டி, டோலி மாதிரி செய்து, தீக்காயம் பட்டவர்களை இருட்டில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதற்குப் பிறகு தீயணைப்புத் துறை, போலீஸ், வனத்துறை, விமானப்படை ஹெலிகாப்டர், கமாண்டோ வீரர்கள் வந்தார்கள். 9 பேர் மலையிலேயே பலியானார்கள். போடி ஆஸ்பத்திரி, க.விலக்கு தேனி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி, மதுரை ஆஸ்பத்திரி என்று கொண்டுபோனவர்களில் ஒவ்வொருவராக இறந்து, சாவு எண்ணிக்கை 23 ஆனது. பெற்றோர் ஆஸ்பத்திரி வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததை போடிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

குரங்கணி - டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி உண்டு, கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்பது அப்போது அதிகாரிகள் தரப்பில் சொன்ன விளக்கம். அப்படியானால் தீப்பிடிக்கும் மாதத்தில் இத்தனை பேர் எப்படி மேலே போனார்கள் என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வனத்துறை ரேஞ்சர் ஒருவர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். விசாரிப்பதற்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார்.

தீ ஏன் மலையில் அவ்வளவு வேகமாக ஏறுகிறது?

இதைத்தான் மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் தீக்குச்சியைக் கொளுத்திப் பாருங்கள். தலைகீழாகப் பிடித்தால் நெருப்பு குச்சியில் மேலே ஏறி உடனே விரலைச் சுடும். நிமிர்த்திப் பிடித்தால் மெதுவாக எரியும். மலையிலும் இதே கதைதான். சரிவில் கீழே எரிகிற தீயின் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்து, சூடேற்றி வைத்துவிடுகிறது. நெருப்பு பக்கத்தில் வரும்போது அந்தப் புல் குப்பென்று பற்றிக்கொள்ளும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பு வீரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 30 டிகிரி சரிவு என்றால் எட்டு மடங்கு. மனுஷன் மேட்டில் ஏறும்போது வேகம் பாதியாகக் குறையும், மூச்சு வாங்கும். தீக்கு மூச்சு வாங்காது.

போதாக்குறைக்கு பகல் நேரத்தில், வெயிலில் மலைச்சரிவு சூடாகி, காற்று பள்ளத்தாக்கில் இருந்து மேல்நோக்கி வீசும். அதுவும் தீயை மேலே தள்ளும். இரண்டு மேட்டுக்கு நடுவில் இருக்கும் ஓடை மாதிரியான பள்ளம் இன்னும் ஆபத்து. அது வீட்டு அடுப்பின் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். அனலும் புகையும் அதற்குள்தான் முதலில் ஏறும். பள்ளம் பாதுகாப்பு என்று அதற்குள் இறங்கிப் பதுங்குவது உயிருக்கே வினை.

தீ எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் மனுஷன் வைப்பதுதான். புதுப்புல் முளைக்கட்டும் என்று மாடு மேய்ப்பவர்கள் வைக்கும் தீ, அணைக்காமல் வீசிய பீடித்துண்டு, சோறாக்கிவிட்டு அப்படியே விட்டுப்போன அடுப்பு. கோடைக்கு முன்னால் வனத்துறையினர் காட்டுக்குள் புல், செடியை வெட்டி அகலமாக தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். இப்போது செயற்கைக்கோள் மூலம் எங்கே தீ தெரிகிறது என்று இந்திய வன அளவை நிறுவனத்தில் இருந்து தகவலும் வருகிறது. ஆனால் தகவல் வந்து, ஆள் ஏறிப்போவதற்குள் புல்வெளித் தீ ஒரு மலையையே தின்றுவிடும்.

சிக்கிக்கொண்டால்?

மேலே ஓடாதீர்கள். தீ கீழே இருக்கிறது என்றால் பக்கவாட்டில் ஓடி தீயின் வழியை விட்டு விலக வேண்டும். வெறும் பாறை, ஜல்லி, தண்ணீர், ஏற்கனவே எரிந்து கருகிய இடம், இதில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். எரிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றும் இருக்காது. கருகிய இடத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அதுதான் தப்பிக்கிற இடம்.

வேறு வழியே இல்லை என்றால் புல் இல்லாத மண்ணில் குப்புறப் படுத்து, முகத்தைப் பருத்தித் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். தரையை ஒட்டித்தான் சுவாசிக்கக் காற்று இருக்கும். பையில் கேஸ் சிலிண்டர், ஸ்பிரிட் மாதிரி எரியும் பொருள் இருந்தால் தூர வீசிவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், டிரெஸ். கடையில் "டிரெக்கிங் பேண்ட்" என்று விற்பதில் நிறைய நைலான், பாலியெஸ்டர். அனல் பட்டால் உருகி தோலோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா கொடுத்தனுப்பும் பழைய பருத்திச் சட்டையே தீக்காட்டில் மேல்.

இப்போது என்ன விதி?

2018-ம் ஆண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகளைக் கொண்டு வந்தது. பாதைகள் சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. அனுமதி இல்லாமல் போகக்கூடாது. வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது. தீப்பிடிக்கும் காலத்தில் யாரும் போகக்கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது வனச்சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதம், வழக்கு. "தெரியாம வந்துட்டோம் சார்" என்ற பேச்சு செல்லாது.

அதற்குப் பிறகு 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் "டிரெக் தமிழ்நாடு" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து நடத்துகின்றன. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். அதில் தேனி மாவட்டத்தில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் உண்டு. ஆமாம், அதே குரங்கணிதான். ஆனால் இந்த முறை இஷ்டத்துக்கு ஏற முடியாது. இன்டர்நெட்டில் பெயர், அடையாள அட்டை விவரம் கொடுத்து, பணம் கட்டி, தேதி வாங்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்களுக்கு மேல் விடமாட்டார்கள்.

கூட வருகிற வழிகாட்டிகள் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடியின இளைஞர்களும், பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளும்தான். முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது போன்றவற்றில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். காட்டு மாடு எந்த ஓடையில் நிற்கும், யானை எந்த வழியாக இறங்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியது இல்லை. 2018-ல் டோலி கட்டித் தூக்கிய கைகளுக்கு, இப்போது அதே மலையில் ஒரு சம்பாத்தியம் கிடைக்கிறது. இந்தத் திட்டத்தில் உருப்படியான விஷயம் இதுதான்.

கட்டணம்தான் கொஞ்சம் கையைக் கடிக்கிறது. தொடங்கியபோது சுலபமான பாதைக்கே நூற்றுக்கணக்கில், கடினமான பாதைக்கு ஆயிரக்கணக்கில் என்று இருந்தது. கூலி வேலைக்குப் போகிறவன் குடும்பத்தோடு மலை ஏற முடியுமா என்று புலம்பல் எழுந்தது. பிறகு குறைத்தார்கள். இருந்தாலும் நாலு பேர் போனால் ஒரு வாரக் கூலி போய்விடும். அவ்வளவு பணம் இல்லாதவர்கள் போடியில் பஸ் ஏறி குரங்கணி ஊர் வரைக்கும் போய், அடிவாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வரலாம். அதற்கு ஒருவரும் டிக்கெட் கேட்கப்போவது இல்லை.

தேதி முக்கியம். 2025-ம் ஆண்டு பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று பாதைகள் அடைக்கப்பட்டன. மழை பலமாக இருந்தாலும் திடீரென்று அடைப்பார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

தண்ணீரும் எமன்தான்

தீக்குப் பயந்தவர்கள் தண்ணீரைக் கண்டால் குஷியாகி இறங்கிவிடுகிறார்கள். மலை ஓடையில் நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே நாலு மலை தாண்டி மழை கொட்டும். அரைமணி நேரத்தில் காட்டாறு. 2015-ம் ஆண்டு மே மாதம் சதுரகிரி மலையில் சாமி கும்பிடப் போன பக்தர்கள் இப்படித்தான் வெள்ளத்தில் சிக்கி பலியானார்கள். 2024-ம் ஆண்டு மே மாதம் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது திடீர் வெள்ளம் வந்து 17 வயது சிறுவன் பலியானான். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இருந்து உறுமல் மாதிரி சத்தம் கேட்டாலோ ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது. செருப்பு, செல்போன், டிரெஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டில் ஏறிவிட வேண்டும்.

கோவை வெள்ளியங்கிரி மலையில் ஆபத்து வேறு மாதிரி. அங்கே ஏழு மலை ஏற வேண்டும். இரவில் ஏறுகிறவர்கள் அதிகம். 2024-ம் ஆண்டு சீசனில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று பல பக்தர்கள் வழியிலேயே இறந்தார்கள். பிரஷர், சுகர், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது. வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்து விட்டு ஒரே நாளில் ஏழு மலை ஏறினால் உடம்பு தாங்காது. ஒரு மாதம் முன்னாடியே தினமும் மாடிப்படி ஏறி இறங்கிப் பழக வேண்டும்.

வேறு எங்கே போகலாம்?

குழந்தை குட்டியோடு போகிறவர்களுக்கு டிரெக் தமிழ்நாடு பட்டியலில் சுலபமான பாதைகள் இருக்கின்றன. ஊட்டி கெய்ர்ன் ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை, ஆழியாறு கால்வாய்க்கரை ஆகியவை உதாரணம். திருவள்ளூர் மாவட்டம் குடியம் குகைக்குப் போகும் பாதையில் ஆதிமனிதன் வாழ்ந்த இடத்தையே பார்த்துவிடலாம்.

கொடைக்கானல் வட்டக்கானலில் இருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதை பெயர் பெற்றது. வெள்ளகவி ஊருக்குள் செருப்பு போட்டு நடக்கமாட்டார்கள். ஊரே கோவில் மாதிரி. வெளியூர்க்காரர்களும் ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் சுடுகிறது என்று யாரும் முகம் சுளிக்காதீர்கள், அங்கே அதுதான் மரியாதை.

கடலையும் மலையையும் ஒரே இடத்தில் பார்க்க ஆசை என்றால் கன்னியாகுமரி பக்கத்தில் மருந்துவாழ்மலை. மேலே நின்றால் ஒரு பக்கம் தென்னந்தோப்பு, வயல். இன்னொரு பக்கம் நீலக்கடல். நாராயண குரு தவம் செய்த குகையும் அங்கே உண்டு. காலையில் ஏறி வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். பத்து மணிக்கு மேல் பாறை அனல் கக்கும்.

தேனி மாவட்டக்காரர்களுக்கு இன்னொரு பாதை உண்டு. கூடலூர் பக்கம் பளியங்குடியில் இருந்து மங்கலதேவி கண்ணகி கோவிலுக்கு ஏறும் வழி. வருடத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பவுர்ணமி அன்று மட்டும் விடுவார்கள். அன்றைக்கு இரண்டு மாநில போலீசும், வனத்துறையும் வழி நெடுக நிற்பார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஆளுக்கு குறைந்தது 3 லிட்டர் தண்ணீர். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். டார்ச் லைட், விசில். விசிலைக் கேலியாகப் பார்க்காதீர்கள். கத்தினால் பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டிவிடும். விசில் ஊத மூச்சு இருந்தால் போதும். மலையில் பல இடத்தில் டவர் கிடைக்காது. அதனால் கிளம்பும்போதே எந்தப் பாதை, யார் யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் போனால் அட்டை கடிக்கும். பிடுங்கி எறியாதீர்கள், ரத்தம் நிற்காது. நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை மெதுவாக நெம்பி எடுக்கலாம். சென்ட், பவுடர் பூசிக்கொண்டு போனால் தேனீ கூட்டத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. யானையையோ, காட்டு மாட்டையோ கண்டால் செல்பி எடுக்கக் கிட்டே போகாமல், வழிகாட்டி சொல்கிற பக்கம் சத்தம் போடாமல் விலகிப் போய்விட வேண்டும்.

தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட், மது பாட்டில் ஆகியவற்றை மலைக்குக் கொண்டு போகக்கூடாது. பையைச் சோதனை போட்டு, இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்களும் உண்டு. கட்டிய பணம் அவர்களுக்கு நஷ்டம்தான்.